கூலிக்குத் தீட்டிய கைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பை அடைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் சென்றால் கூமாப்பட்டி வரும். நெல்வயலும் தென்னந்தோப்பும் கண்மாயும் சூழ்ந்த ஊர். அருகே பிளவக்கல் அணை. 2025ஆம் ஆண்டில் ஒரு சிறு காணொளியின் வாயிலாக இவ்வூரின் பெயர் தமிழகம் முழுதும் பரவியது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே எனக்கு அப்பெயர் பழக்கமாயிருந்தது. காரணம், அப்பக்கத்திலிருந்து வந்து எங்கள் மத்ரஸாவுக்குப் பலகை எழுதிக் கொடுத்த ஒரு வண்ண ஓவியர்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. ஆண்டு விழாவுக்காக ஒரு பெரிய பெயர்ப் பலகை வேண்டியிருந்தது. மிதிவண்டியில் வண்ண டப்பாக்களைக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். பலகையைச் சுவரில் சாய்த்தார். சுண்ணப்பொடி தடவிய நூலை இரு முனையிலும் பிடித்து நடுவில் இழுத்து விட்டார். பலகையின் குறுக்கே வெண்கோடு விழுந்தது. இடக்கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன்மேல் வலக்கையின் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கினார். தமிழ் எழுத்துக்கள் முடிந்தபின் அரபு வரி. அவருக்கு அரபு தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, இடப்புறமிருந்து, அதாவது வாக்கியத்தின் கடைசி எழுத்திலிருந்து, வரையத் தொடங்கினார். எனக்கு நெஞ்சு பதைத்தது. ஆனால் முதல் எழுத்து வந்து சேர்ந்தபோது, அளந்து விட்ட இடத்தில் நூலிழை பிசகாமல் அது அமர்ந்தது.

விழா நடந்தது. கூலி மட்டும் நின்றுபோயிற்று. "விழாக் கணக்கு முடியட்டும்" என்றார்கள் பொறுப்பிலிருந்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன். அவர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, லுஹருக்கு வந்தவர் அஸர் வரை வாயிற்படியில் அமர்ந்திருந்தார். நான் வெளியே வந்தபோது அவர் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அஜரத்து, அந்தக் கடைசி வளைவு நல்லா விழுந்திருக்கு, பாத்தீங்களா?" என்றார். கூலியைப் பற்றி அதன் பிறகுதான் கேட்டார்.

அன்றே கூலியைக் கொடுத்து அனுப்பினோம். ஆயினும், கூலியாளின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்னும் நபிமொழியை அதே வாரத்தில்தான் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்திருந்தேன். அந்த வெட்கம் இன்றளவும் போகவில்லை. அவர் காட்டிய வளைவும் மறக்கவில்லை. பசியோடு காத்திருந்த மனிதருக்குத் தம் கைவேலையைப் பார்ப்பதில் அப்படியோர் இன்பம் இருந்தது. அன்று முதல், படம் வரைந்து பிழைத்த மனிதர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் எங்கே ஒரு வரி கிடைத்தாலும் குறித்து வைப்பது எனக்கு வழக்கமாயிற்று. அவ்வாறு சேர்ந்தவற்றில் சிலவற்றை இங்கே வாசகர்முன் வைக்கிறேன்.

ஒரு தொழிலாளியின் பெருமூச்சு

ஓவியத் தொழிலாளி ஒருவரை நம்முடைய ஹதீஸ் நூலிலேயே சந்திக்கிறோம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வருகிறார். தம் பிழைப்பு கைத்தொழிலால்தான் நடக்கிறது என்றும், உருவப்படங்கள் செய்வதே அத்தொழில் என்றும் கூறுகிறார். உருவம் சமைப்பவன் அதற்கு உயிர் ஊதும்வரை தண்டிக்கப்படுவான், அவனால் ஒருபோதும் உயிர் ஊத முடியாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைக்கிறார்கள். கேட்ட மனிதர் பெருமூச்செறிகிறார். அவர் முகம் வெளிறிவிடுகிறது. அதைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி), செய்தே ஆகவேண்டுமானால் இந்த மரத்தையும், உயிரில்லாத மற்றப் பொருள்களையும் தீட்டிக்கொள் என்று வழி காட்டுகிறார்கள்.

இந்தச் செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வணிகத்தைப் பற்றிய பகுதியில் சேர்த்திருப்பது கருதத்தக்கது. மனிதரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊரும் கிடைக்கவில்லை. அவருடைய பெருமூச்சும் முகத்தின் நிறமும் மட்டும் பதிவாகியிருக்கின்றன. அறிவிப்பாளர்கள் அந்த முகத்தைக் கவனித்திருக்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பைச் சொன்ன பெரியாரும், அத்தீர்ப்பினால் ஒருவனுடைய உலையில் அரிசி இல்லாமற் போய்விடுமே என்று எண்ணி, அடுத்த வாக்கியத்திலேயே மாற்றுப் பிழைப்பைச் சொல்கிறார்கள். ஒன்றைத் தடுக்கும் நாவு, ஆகுமான வேறொன்றையும் காட்டவேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

அந்த மாற்றுப் பிழைப்பு வறண்ட பிழைப்பாக இருக்கவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில், உமய்யா கலீஃபா வலீத் காலத்தில், ஹிஜ்ரி 96 (கி.பி. 715) அளவில் நிறைவுற்ற திமிஷ்கு பெரிய பள்ளிவாசலின் சுவர்களைப் பாருங்கள். சிறுசிறு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஆறுகளையும், ஓங்கிய மரங்களையும், மாடங்களையும், வீடுகளையும் அமைத்திருக்கிறார்கள். அத்தனை விரிவான காட்சியில் ஒரு மனிதனும் இல்லை. ஒரு பறவையும் இல்லை. பொன்னிறப் பின்புலத்தில் மரங்கள் நிழல் விரித்து நிற்கின்றன. எத்தனை கைகள் அதில் உழைத்தனவோ, அவற்றுக்கெல்லாம் அது பல ஆண்டுச் சோறு.

வாஸித்து நகரத்து யஹ்யா

மத்ரஸாவில் அரபு இலக்கியம் ஓதியவர்களுக்கு ஹரீரியின் 'மகாமாத்' என்றால் சற்று நடுக்கம் வரும். ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த பஸ்ராவின் ஹரீரி எழுதிய 50 மகாமாக்களும் சொல்லணிகளின் காடு. அபூஸைத் என்னும் நாவன்மை மிக்க யாசகன் ஊர் ஊராகச் சென்று பேச்சினால் மக்களை மயக்கிப் பொருள் பெறுவதே கதை. அகராதியைப் புரட்டிப் புரட்டி அதை ஓதிய இளம்பருவத்தில், அந்தச் சொற்களுக்குப் பின்னால் உயிருள்ள ஒரு கடைத்தெரு இருந்தது என்பது என் போன்றோருக்குத் தோன்றவே இல்லை.

பல்லாண்டுகள் கழித்து, அதே நூலின் ஒரு பழைய பிரதியிலுள்ள படங்களின் அச்சு எனக்குப் பார்க்கக் கிடைத்தது. ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) யஹ்யா இப்னு மஹ்மூத் அல்வாஸிதீ என்பவர் அதை எழுதி முடித்தார். எழுதியவரும் அவரே, படம் தீட்டியவரும் அவரே. 99 படங்களைக் கொண்ட அப்பிரதி இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

வாஸிதீ அரசர்களைத் தேடிப் போகவில்லை. அவருடைய படங்களில் ஒரு நூலகம். மாடங்களில் நூல்கள் படுக்கை வாட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெருநாள் ஊர்வலத்துக்குக் கொடிகளோடு குதிரை வீரர்கள் காத்திருக்கிறார்கள். ஒட்டகக் கூட்டம் ஒன்று, ஒன்றன் தலைக்குப் பின் மற்றொன்றின் தலையாக நெருங்கி நிற்கிறது. ஒரு கிராமத்தில் ஆடுகள் தண்ணீரண்டை நிற்கின்றன, வீட்டுக் கூரைமேல் கோழி இருக்கிறது, ஒரு பெண் தக்ளியில் நூல் நூற்கிறாள், பின்னால் பள்ளிவாசல். ஹரீரியின் வாக்கியத்தில் அந்தக் கோழிக்கு இடமில்லை. ஓவியர் தம் கண்ணால் கண்ட கோழியை அங்கே கொண்டுவந்து அமர்த்தியிருக்கிறார். நாள் முழுதும் குனிந்திருந்து பிறருடைய சொல்லைப் படியெடுக்கும் ஒருவருக்கு, அந்தக் கோழி ஒரு சிறு விடுதலையாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

வாஸிதீ இதை முடித்து 21 ஆண்டுகளில், கி.பி. 1258இல், பக்தாது மங்கோலியரிடம் வீழ்ந்தது. கலீஃபாவும் போனார், நூலகங்களும் அழிந்தன. அந்த நாட்டு மக்கள் எப்படி உடுத்தினர், எதில் ஏறிப் பயணித்தனர், எவ்வாறு கூடி அமர்ந்து பேசினர் என்பதை இன்று ஆய்வாளர்கள் பெரிதும் இந்தப் பிரதியைக் கொண்டே அறிகிறார்கள்.

அரண்மனைத் தொழிற்கூடம்

ஓவியத் தொழிலாளரின் அன்றாட வேலை ஓரளவு விரிவாகப் பதிவானது நம் நாட்டில், முகலாயர் காலத்தில். ஹுமாயூன் ஈரானில் தங்கியபோது கண்டு, பின்னர்த் தம்மிடம் அழைத்துக்கொண்ட மீர் ஸைய்யித் அலீ, அப்துஸ் ஸமது என்னும் இருவரும் இதற்குத் தலையாசிரியர்கள். அக்பர் காலத்தில் 'ஹம்ஸா நாமா' என்னும் பெருநூலுக்கு 1,400 படங்கள் துணியில் தீட்டப்பட்டன. சுமார் 15 ஆண்டுகள் அவ்வேலை நடந்தது. அத்தனை ஆண்டுகள் அத்தனை குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும்.

அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயீனே அக்பரீ'யில் ஓவியக்கூடத்தின் நடைமுறையைச் சொல்கிறார். மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் வாரந்தோறும் ஓவியர்களின் வேலையை அரசர்முன் கொண்டுவந்து வைப்பார்கள். வேலையின் தரத்துக்கேற்ப அரசர் வெகுமதி கொடுப்பார், அல்லது மாதச் சம்பளத்தை உயர்த்துவார். இதைப் படிக்கும்போது, வாரக் கடைசியில் ஓவியரின் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. வெகுமதி வந்த வாரம் பிள்ளைகளுக்கு இனிப்பு. வராத வாரம் மௌனம்.

ஒரு படத்தை ஒருவரே செய்வது வழக்கமில்லை. ஒருவர் கோடு போடுவார். அதற்குத் 'தர்ஹு' என்று பெயர். மற்றொருவர் வண்ணம் ஏற்றுவார், அது 'அமல்'. முகத்தை மட்டும் எழுத வேறொருவர் வருவார். படத்தின் அடியில் எழுத்தர் இவர்களுடைய பெயர்களைக் குறித்துவைப்பார். சில படங்களில் வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்னும் குறிப்பும் உண்டு. கணக்குக்காக எழுதிய அந்தச் சிறு குறிப்புகளால்தான் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் அருகருகே இருந்தார்கள். ஒரே படத்தில் கோடு ஒருவருடையது, வண்ணம் மற்றவருடையது.

வேலையின் பெரும்பகுதி, படம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடும். அணில் வாலின் மயிரை எடுத்து, பறவை இறகின் தண்டில் செருகித் தூரிகை கட்டவேண்டும். பதக்ஷானிலிருந்து வந்த லாஜவர்துக் கல்லை இடித்து, அரைத்து, நீரில் அலசி நீலம் எடுக்கவேண்டும். விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. பொன் தகட்டைத் துகளாக்கிப் பொன்வண்ணம். கருவேலம் பிசின் கலந்து இவற்றைச் சிப்பி ஓடுகளில் வைத்துக்கொள்வர். ஒரே உருவத்தை மீண்டும் வரைய, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்ட மெல்லிய தோலைத் தாளின்மேல் வைத்து, கரிப்பொடி தட்டுவார்கள். நம் வீடுகளில் பெண்மக்கள் பூத்தையலுக்குத் துளையிட்ட தாளை வைத்து வண்ணப்பொடி தேய்த்துப் பூ அச்செடுப்பதை நினைத்துக்கொள்ளலாம், முறை ஒன்றே. படம் முடிந்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்புறத்தை வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். அப்போதுதான் வண்ணம் படிந்து ஒளி வரும்.

நஸீருத்தீன் தூஸியின் 'அக்லாகே நாஸிரீ' ஒழுக்கவியல் நூல். 1590களில் முகலாயர் கூடத்தில் தயாரித்த அதன் பிரதி ஒன்றில், ஓவியக்கூடமே படமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. எழுத்தரும் ஓவியரும் தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் குனிந்து தாளை மெருகேற்றுகிறார். நாற்காலியும் மேசையும் இல்லை, முழங்காலே மேசை. கழுத்தும் முதுகும் எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடுகிறது.

இந்தக் கூடத்தில் துயரமும் இருந்தது. தஸ்வந்து என்னும் இளைஞன் பல்லக்குத் தூக்கியின் மகன். சுவர்களில் கண்டபடி வரைந்து திரிந்தவனை அக்பர் கண்டு, அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். குறுகிய காலத்தில் அவன் கூடத்தின் முன்னணிக்கு வந்தான். பின் மனம் கலங்கி, 1584இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அபுல் ஃபஸ்ல் இதை வருத்தத்தோடு எழுதுகிறார். திறமையும் அரசர் அன்பும் சேர்ந்தாலும் ஒரு மனிதனின் உள்ளத்துக்கு அவை காவலாகிவிடுவதில்லை.

உருவம் தீட்டுவது பற்றி அக்பர் கூறியதாக அபுல் ஃபஸ்ல் ஒரு கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். உறுப்பு உறுப்பாக வரையும் ஓவியன், தன்னால் அதற்கு உயிர் கொடுக்க முடியாதென்பதை உணர்ந்து, உயிரளித்த இறைவனை நினைக்கவே நேரும் என்பது அதன் சாரம். அரசரின் சொல் மார்க்கத் தீர்ப்பாகிவிடாது. உலமாக்கள் அதை ஒப்பவும் இல்லை. ஆயினும், இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைத்த நபிமொழியும் உயிர் ஊத இயலாமை என்னும் அதே இடத்தைத்தான் தொடுகிறது. அங்கே அது அச்சமாகிறது. இங்கே அது நன்றியாகச் சொல்லப்படுகிறது. தூரிகை பிடித்த முஸ்லிம் ஒருவனின் நெஞ்சில் இவ்விரண்டும் மாறிமாறி எழுந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிறு மகிழ்ச்சிகள்

இனி, அத்தொழிலாளரின் சிறு மகிழ்ச்சிகளைத் தேடுவோம். அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. எனினும் தடயங்கள் உண்டு.

முதலாவது, பெயரை ஒளித்து எழுதும் இன்பம். ஹிராத்து நகரத்துப் பிஹ்ஸாது, 1488ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸஅதியின் 'போஸ்தான்' பிரதிக்குத் தீட்டிய படங்கள் இன்று கெய்ரோவில் உள்ளன. அவற்றில் மிகப் பொடி எழுத்தில், 'அடிமை பிஹ்ஸாதின் வேலை' என்னும் பொருள்படத் தம் பெயரை எழுதிவைத்திருக்கிறார். 'அல்அப்து' என்ற பணிவும் இருக்கிறது. இது என் கை என்ற நிறைவும் இருக்கிறது.

இரண்டாவது, தோழனின் முகத்தை எழுதும் இன்பம். ஜஹாங்கீர் தம் ஓவியர் தௌலத்திடம், உடன் வேலை செய்யும் ஓவியர்களின் உருவங்களைப் படத்தொகுதியின் ஓரத்தில் தீட்டச் சொன்னார். அபுல் ஹஸன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகியோரைத் தௌலத் தீட்டினார், தம்மையும் தீட்டிக்கொண்டார். நிஸாமியின் 'கம்ஸா' பிரதி ஒன்றின் கடைசிப் பக்கத்தில், எழுத்தர் அப்துர் ரஹீமும் தௌலத்தும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதுகிறார்; மற்றவர் அவரை வரைகிறார். நூலின் முன்பக்கங்களையெல்லாம் மன்னர்களும் வீரர்களும் எடுத்துக்கொண்டபின், கடைசிப் பக்கம் இரண்டு தொழிலாளருக்குக் கிடைத்தது.

மூன்றாவது, பிள்ளைகள் தேறிவருவதைக் காணும் இன்பம். பஸாவனின் மகன் மனோகர் தந்தையிருந்த கூடத்திலேயே வளர்ந்தார். ஹிராத்திலிருந்து வந்த ஆகா ரிஸாவின் மகன் அபுல் ஹஸன், 1600ஆம் ஆண்டில், ஏறத்தாழ 13 வயதில், ஜெர்மானிய ஓவியர் டூரரின் அச்சுப்படம் ஒன்றிலிருந்து ஓர் உருவத்தைப் பார்த்து வரைந்தார். 1618இல் ஜஹாங்கீர் அவருக்கு 'நாதிருஸ் ஸமான்' என்னும் பட்டம் அளித்தார். அதே ஆகா ரிஸாவிடம் பயின்ற பெண்ணொருத்தியும் இருந்தார். மீர் தகீயின் மகள் நாதிரா பானு. அக்காலத்தில் ஒரு பெண் தூரிகை பிடித்துத் தன் பெயரையும், தந்தை பெயரையும், உஸ்தாதின் பெயரையும் பொறித்துச் சென்றாள் என்பதை நம் பெண்மக்கள் அறிந்துகொள்ளட்டும்.

நான்காவது, தொழிலுக்கு ஒருவர் மரியாதை செய்யக் காணும் இன்பம். ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1616இல் அஜ்மீரில் ஜஹாங்கீரிடம் தம் நாட்டுச் சித்திரம் ஒன்றைக் காட்டினார். தம் ஓவியரால் அதைப் போலவே செய்ய முடியும் என்றார் ஜஹாங்கீர். சில நாட்களில் மூலத்தையும் அதன் படிகளையும் ஒன்றாக வைத்து, இரவில் விளக்கொளியில் காட்டினார். எது தம்முடையது என்று கண்டுபிடிக்க ரோ திணறினார். ஓவியருக்கு என்ன வெகுமதி என்று கேட்டபோது, ரோ 50 ரூபாய் என்றார். தம் ஓவியர் மதிப்புக்குரிய மனிதர், அவருக்கு அது மிகவும் அற்பம் என்று அரசர் மறுத்ததாக ரோவே எழுதிவைத்திருக்கிறார். ஈரானுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய பிஷன்தாஸுக்கு ஜஹாங்கீர் ஒரு யானையைப் பரிசளித்தார். யானைக்குத் தீனி போட அந்த ஓவியர் என்ன செய்தாரோ!

ஐந்தாவதாக, என் மனத்துக்கு மிகவும் நெருங்கியது ஒன்று. 'நாதிருல் அஸ்ர்' என்று பட்டம் பெற்ற உஸ்தாத் மன்ஸூர், பறவைகளையும் விலங்குகளையும் தீட்டுவதில் பெயர் பெற்றவர். கோவாவிலிருந்து வந்த வான்கோழி முதலியன அரண்மனையில் வியப்பை விளைத்த காலம் அது. 1620ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜஹாங்கீர் காஷ்மீருக்குச் சென்றபோது மன்ஸூரும் உடன் இருந்தார். அங்கே அவர் தீட்டிய மலர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்று ஜஹாங்கீர் தம் வரலாற்றில் எழுதுகிறார். அவற்றில் நமக்கு எஞ்சியவை மிகச் சில. அவர் தீட்டிய செந்நிறத் துலிப் மலர் ஒன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆஸாத் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று மலர்கள், நீண்ட இலைகள், ஒரு வண்ணத்துப்பூச்சி. பனி உருகிய பள்ளத்தாக்கில், காற்றில் ஆடும் மலரை அசையாமல் பிடிக்க முயன்று, ஒரு மனிதர் தரையில் அமர்ந்திருக்கும் காட்சி என் கண்முன் வருகிறது. இந்த மரத்தைத் தீட்டிக்கொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) காட்டிய வழி, ஆயிரம் ஆண்டுகளுக்குள் அந்த மலர்ப் பாத்திவரை வந்துவிட்டது.

அவுரங்கசீப் காலத்தில் அரண்மனை ஆதரவு சுருங்கவே, ஓவியர் பலர் தூரிகையை எடுத்துக்கொண்டு வேறு அரசவைகளை நாடிச் சென்றனர். பட்டங்களை நம்பி எத்தனை நாள் வாழ முடியும்?

கோவில்பட்டியும் சிவகாசியும்

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என்று எண்ணவேண்டாம். கூமாப்பட்டியிலிருந்து சிவகாசி தொலைவில்லை. அதற்குத் தெற்கே கோவில்பட்டி. அந்தக் கோவில்பட்டியில் கொண்டையராஜு என்னும் ஓவியர் வாழ்ந்தார். 1898இல் பிறந்து, சென்னை ஓவியப்பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சிலகாலம் இருந்தார். பின்னர் நாடகக் கம்பெனிக்குக் காட்சித்திரைகள் எழுதும் வேலையை ஏற்றார். கம்பெனி ஊர் ஊராகப் போகும். திரையும் ஓவியரும் கூடவே போவார்கள். இரவு நாடகத்துக்காகப் பகலில் அரண்மனையும் காடும் தெருவும் துணியில் எழவேண்டும். 1940களில் அந்தப் பயணம் கோவில்பட்டியில் நின்றது. மாணவர்களோடு அவர் அங்கேயே தங்கிவிட்டார். புகைப்படக்கூடம் வைத்து, புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டிக் காலம் தள்ளினார்கள்.

பிறகு சிவகாசி அச்சகங்களுக்கு நாட்காட்டிப் படங்கள் எழுதும் வேலை வந்தது. கொண்டையராஜுவும், அவர் மாணவர்கள் டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலியோரும் எழுதிய இந்து சமயப் படங்கள் இலட்சக்கணக்கில் அச்சாகி வீடுகளின் சுவரேறின. மணம் புரியாமல், மாணவர்களையே குடும்பமாகக் கொண்டு எளிய வாழ்வு வாழ்ந்து, 1976இல் அவர் மறைந்தார். தமக்குரிய சமயத்தின் படங்களை அவர் எழுதினார். அவற்றின் பொருள் நமக்குரியதன்று. ஆனால் அந்த உழைப்பும் எளிமையும் மாணவர்களை வளர்த்த பண்பும் யாருக்கும் உரியவை.

நம் வீட்டுச் சுவரையும் பார்ப்போம். ஆடிப் பதினெட்டாம் நாள் சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்பு வெளிவருவது வழக்கம். அத்தொகுப்பில் நமக்கென்றும் சில தாள்கள் இருக்கும்: கஅபா, மதீனாவின் பசுமைக் குப்பா, நாகூரின் மினாராக்கள், சுற்றிலும் ரோஜா மலர்கள். பிறை நாளும் தொழுகை நேரமும் அச்சிட்ட அந்த நாட்காட்டியைக் கடைக்காரர் கொடுக்க, நாம் வாங்கி மாட்டினோம். ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாத எத்தனையோ மூதாட்டிகள் கஅபாவைக் கண்டது அந்தத் தாளில்தான். கணினி வருவதற்கு முன், அந்தக் குப்பாவின் பச்சையைக் குழைத்தவர் ஏதோ ஒரு சிற்றூர்த் தொழிலாளி. மதீனாவைக் கண்ணால் காணாதவராகவும் இருக்கலாம், கலிமா மொழியாதவராகவும் இருக்கலாம். அந்தத் தாளில் அச்சகத்தின் பெயரும் கடையின் பெயரும் பெரிதாக இருக்கும். அவருடைய பெயரை நாம் தேடியதுண்டா?

2000ஆம் ஆண்டுக்குப் பின் நெகிழித் தாளில் அச்சிடும் பதாகைகள் பரவின. ஒரே நாளில் வேலை முடிகிறது, செலவும் குறைவு. பலகை எழுதியோர் வேறு வேலைக்குப் போனார்கள். சுவருக்கு வண்ணம் அடிக்கப் போனவர் பலர். வத்திராயிருப்புச் சாலையில் போகும்போது, பழைய சுவர்களில் வெயிலில் வெளிறிய கையெழுத்துக்களை இன்னும் ஆங்காங்கே காணலாம். சுண்ணப்பொடி நூலால் கோடிட்டு எழுதியவை என்று, அந்த எழுத்துக்களின் ஒழுங்கைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் மத்ரஸாப் பலகையும் பின்னாளில் மாறியது. புதிய பலகை வந்தபோது பழையதை விறகோடு போட எடுத்தார்கள். நான் கேட்டு வாங்கி, நூல்கள் இருக்கும் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். அதன் கீழ் மூலையில் எழுதியவரின் பெயர் இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் எழுதவில்லை, எழுதுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. அக்பரின் எழுத்தர்கள் கணக்குக்காகச் செய்ததைக்கூட, வரலாறு ஓதிய நாங்கள் செய்யவில்லை.

அடுத்த முறை அப்பக்கம் போனபோது அவரை விசாரித்தேன். மறைந்துவிட்டார் என்றார்கள். இனி அவருக்குச் செய்யக்கூடியது ஏதுமில்லை. இன்று கையால் வேலை செய்து பிழைக்கும் பிறருக்குச் செய்யக்கூடியவை உண்டு. நம் பள்ளிவாசலின் மிஹ்ராபில் திருவசனம் பொறிப்பவர், மினாராவுக்கு வண்ணம் அடிப்பவர், கல்லில் எழுத்துக் கொத்துபவர் ஆகிய இவர்களுக்கு வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுப்போம். ஒரு மூலையில் அவர்கள் பெயரையும் எழுதச் சொல்வோம். அவர்கள் தம் வேலையில் ஏதேனும் ஒரு வளைவைக் காட்டி, 'பாத்தீங்களா' என்று கேட்டால், ஒரு நிமிடம் நின்று பார்ப்போம்.

அறையிலிருக்கும் பலகையின் வண்ணம் உதிர்ந்துவருகிறது. அரபு வரியின் கடைசி வளைவு மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர் சொன்னது சரிதான். அது நன்றாகவே விழுந்திருக்கிறது.